ஒருவர் வந்து பேசுவார்

சங்கு ஊதியது.

கௌசி அப்போது கடைசிக் கேள்வியை வாசித்து முடித்துவிட்டு, மேசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். பள்ளத்தாக்கின் அடியில் பழைய தேயிலை ஆலைப் பக்கமிருந்து கிளம்பிய அந்தச் சத்தம் முதலில் ஏற்றத்தில் முக்கும் லொறியைப் போலத்தான் கேட்டது. பிறகு தடித்து, நீண்டு, தேயிலை நிரைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி மலையேறி, பள்ளிக்கூடத்தின் தகரக் கூரையைத் தொட்டு, ஜன்னல் கண்ணாடிகளைச் சட்டத்துக்குள் நடுங்க வைத்து, கடைசியில் அவளுடைய பல் வேர்களுக்குள் வந்து நின்றது.

பிள்ளைகள் பென்சில்களைக் கீழே வைத்தார்கள். ஒருவர்கூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் தலையை நிமிர்த்தினார்கள்.

சிரித்தார்கள்.

சத்தமில்லாத சிரிப்பு. உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டு, பற்கள் தெரிய, கண்கள் மட்டும் அசையாமல் நேராகப் பார்த்தபடி இருந்தன. ஐந்தாம் தரம் முழுவதும் ஒரே முகமாக ஆகிவிட்டது. அவளுடைய வினாக்கொத்தில் அச்சிட்டிருந்த ஐந்து வட்ட முகங்களில் முதலாவது முகம்.

வாசலில் நின்ற பிரேமினி டீச்சரும் சிரித்தபடிதான் நின்றார். உதடு அசையாமல் அவர் சொன்னது கௌசிக்கு மட்டும் கேட்டது.

"சிரிங்க மிஸ். சத்தம் நிக்கிற வரைக்கும் சிரிங்க."

ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. கௌசி சிரித்தாள்.

சங்கு நின்றது. சிரிப்புகள் சட்டென்று விழுந்தன. அடுத்த கணம் வகுப்பறை முழுவதும் வேறொரு சத்தம். அழிறப்பர் தாளில் உரசும் சத்தம். குனிந்த தலைகள், ஆடும் முழங்கைகள், மேசைகளில் கறுப்புத் துகள்கள். எல்லோரும் எழுதியதை அழித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பச்சையும் புளிப்புமாக ஒரு வாசனை வந்தது. கொழுந்து வாட்டும் மணம்.

காலையில் நோர்வூட்டிலிருந்து ஆட்டோவில் ஏறி வந்தபோது அந்தத் தேயிலை ஆலையை அவள் பார்த்திருந்தாள். நான்கு மாடி, கூரையில் தகரம் இல்லை. ஜன்னல்கள் வழியாகச் செடிகள் கைநீட்டிக்கொண்டிருந்தன. "மெசினு, சங்கு, மணி எல்லாத்தையும் கழட்டி எப்பவோ வித்துட்டாங்க மிஸ்" என்று ஆட்டோக்கார அழகுமுத்து சொல்லியிருந்தான். "இப்ப அங்க கொளவிதான் பெரிய தொர. அதுக்கும் சம்பளம் பத்தலன்னு எங்களக் கொட்டுது." அவள் சிரித்திருந்தாள். அது உண்மையான சிரிப்பு.

இப்போது வகுப்பறையில் எல்லா முகங்களும் பழைய மாதிரி ஆகிவிட்டன. ஒன்றைத் தவிர.

கடைசி வாங்கில் இருந்த பையன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அழிறப்பரைத் தொடவில்லை. குளிரில் வெடித்த உதடுகளில் யாரோ தேங்காய் எண்ணெய் பூசிவிட்டிருந்தார்கள், அது மினுங்கியது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். அவளுடைய திட்டத்தின் கையேட்டு அட்டையில் இருப்பது அவன் படம்தான். 'மகிழ்ச்சியான பிள்ளை, வளமான நாளை' என்று கீழே எழுதியிருக்கும். வேலையில் சேர்ந்த முதல் நாள் அந்தப் படத்தைப் பார்த்து, என்ன அழகான சிரிப்பு என்று அவள் வியந்திருந்தாள்.

பையனின் பெயர் தனுஷன்.

*

கூனிமலைத் தோட்டத்து மேற்பிரிவுப் பள்ளிக்கூடத்துக்கு கௌசி வருவது இது இரண்டாவது தடவை. பிள்ளைகளின் மனநலத்தை அளப்பது அவளுடைய வேலை. ஒவ்வொரு வசனமாக அவள் வாசிப்பாள். 'நான் இரவில் நன்றாகத் தூங்குகிறேன்.' 'கவலை வந்தால் சொல்ல எனக்கு ஒருவர் இருக்கிறார்.' வாய் நிறையச் சிரிக்கும் முகத்திலிருந்து கண்ணீர் விடும் முகம் வரை ஐந்தில் ஒன்றுக்குப் பிள்ளைகள் அடையாளமிட வேண்டும். தாளில் பெயர் எழுதுவதில்லை.

முதல் தடவை இந்த வகுப்பு முழுவதும் எல்லாக் கேள்விக்கும் முதலாவது முகத்துக்கே அடையாளமிட்டிருந்தது. திட்ட அலுவலர் சிவரூபன் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதை நீர் தேத்தண்ணிக் கடையில இருந்து நிரப்பினீர் எண்டுதான் மேலிடம் சொல்லும். உலகத்தில எங்கயும் இப்பிடி ஒரு வகுப்பு இல்லை. திரும்பப் போய் ஒழுங்காச் செய்யும். இல்லாட்டி உம்மட ஒப்பந்தத்தை நீடிக்க என்னால ஏலாது."

எனவே இந்தத் தடவை கௌசி யோசித்துத்தான் வந்தாள். புத்தகப் பைகளை நடுவில் நிறுத்தி மறைப்புக் கட்டினாள். "ஒருத்தருக்கும் காட்டமாட்டன், டீச்சருக்கும் காட்டமாட்டன்" என்று சத்தியம் செய்தாள். ஒரு பெரிய டிமைத் தாளில் கேள்விகளையும் முகங்களையும் வரைந்து, கரும்பலகையில் பசை தடவி ஒட்டி, பிள்ளைகளுக்கு முன்னால் தன்னுடைய பதில்களை நீல மார்க்கரால் போட்டுக் காட்டினாள். பெரியவர்களும் எப்போதும் சந்தோஷமாக இருப்பதில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். பொய்யாகப் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று உண்மையையே போட்டாள். தூக்கத்துக்கு நான்காவது முகம். அப்பா போனபிறகு ஹட்டனில் அந்த வாடகை அறையில் அவள் ஒழுங்காகத் தூங்கியதே இல்லை. கவலை சொல்ல ஆள் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஐந்தாவது முகம். தாளின் அடியில் ஒரு சிறிய கட்டம் இருக்கும். 'எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒருவர் வந்து என்னுடன் பேச வேண்டும்.' விருப்பமானவர்கள் மட்டும் அதில் அடையாளமிடலாம். அதையும் எப்படிப் போடுவது என்று போட்டுக் காட்டினாள்.

"வெக்கப்படாமப் போடுங்கோ. கட்டாயம் ஒருவர் வந்து பேசுவார்" என்றாள்.

அதன் பிறகு கேள்விகளை வாசித்தபடி மேசைகளுக்கு நடுவே நடக்கத் தொடங்கினாள். கடைசிக் கேள்வி முடிந்தபோதுதான் சங்கு.

*

பிரேமினி டீச்சர் மணி அடிக்கவில்லை. கையை மட்டும் அசைத்தார். பிள்ளைகள் ஓடவுமில்லை, பேசவுமில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக லயத்து வீடுகளின் பக்கம் இறங்கினார்கள். தனுஷன் கடைசியாகச் சிரித்துக்கொண்டே போனான். மூடுபனி ஏறிவந்து அந்த வரிசையை ஒவ்வொரு தலையாக விழுங்கியது. மத்தியானம்தான், ஆனாலும் வகுப்பறைக்குள் பின்னேரம் மாதிரி இருட்டு.

கௌசியின் போனில் அழகுமுத்து.

"மிஸ், கீழ வளைவுல மண்ணு சரிஞ்சு ரோட்ட மூடிருச்சு. ஆட்டோ இந்தப் பக்கம் நிக்குது, நீங்க அந்தப் பக்கம். மண்ண அள்ள பெக்கோ மெசின் வரணும். ஸ்கூல்லயே இருங்க மிஸ், நடந்து எறங்கிடாதீங்க. இன்னும் கல்லு உருளுது."

"எப்ப வரும் அது?"

"வரும்னுதான் சொல்றாங்க" என்றான் அழகுமுத்து. இணைப்பு விட்டுவிட்டது.

அவள் தாள்களை எடுத்து வரிசைப்படுத்தினாள். அநேகமாக எல்லாம் அழித்த தழும்புகளுடன், எல்லாவற்றிலும் முதலாவது முகம். போயிற்று, வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு அடுத்த தாளைத் திருப்பினாள்.

அதில் தழும்பு இல்லை. நான்காவது முகம், ஐந்தாவது முகம், ஐந்தாவது முகம். அடியில் சின்னக் கட்டத்துக்குள், பென்சில் முனை உடையும் அளவுக்கு அழுத்தி ஒரு அடையாளம்.

யாருடையது என்று தேட வேண்டியிருக்கவில்லை. முன் வாங்கில் ஒரு சிறுமி இன்னும் போகாமல் இருந்தாள். பையைக் கட்டிப்பிடித்திருந்தாள். பெயர் பூரணி. சங்கு ஊதியபோது இவளும்தான் சிரித்தாள். ஆனால் கண்ணீரும் சேர்ந்து வந்ததை கௌசி பார்த்திருந்தாள்.

"எப்ப மிஸ் வருவாங்க?" என்று கேட்டாள் பூரணி. "பேச."

அதற்குள் பிரேமினி டீச்சர் உள்ளே வந்தார். கையில் சாவிக்கொத்து. நேராக மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"யாராச்சும் கீழக் கட்டத்துல அடையாளம் போட்டாங்களா மிஸ்?"

"அதைச் சொல்லக்கூடாது டீச்சர். பிள்ளையளுக்குச் சத்தியம் செய்து குடுத்திருக்கிறன்."

"போன வருஷம் வேற ஒரு மிஸ் வந்தாங்க. இதே தாளு. தனுஷன் அதுல போட்டான். அவுங்கப்பா எறந்த நேரம். அன்னைக்குத்தான் மொத மொதல்ல சங்கு ஊதுச்சு. நாங்க என்னத்தக் கண்டோம்? யாரோ டவுன்ல ஊதுறாங்கன்னு இருந்துட்டோம். அன்னைக்கே ஒருத்தர் கொடையப் புடிச்சுக்கிட்டு ஏறி வந்து, அவுங்க லயத்து வீட்டுக் காம்பராவுக்குள்ள போயி, பேசிட்டுப் போனாரு. வெளிய இருந்தவங்க பேச்சுச் சத்தம் கேட்டாங்க. நல்ல அன்பான கொரலாம். அதுல இருந்து இவன் இப்படி."

"எப்பிடி?"

"பாத்தீங்களே. தூங்குறப்பவும் அப்படித்தான். அவன் மட்டுமில்ல மிஸ், அந்தக் காம்பராவுல இருந்த அத்தன பேரும். அவுங்கம்மா புல்லு வெட்டுறப்ப கத்தி பட்டு வெரல்ல பாதி போச்சு. சிரிச்சுக்கிட்டே மலையில இருந்து எறங்கி வந்துச்சு. அதான் சங்கு கேட்டா எல்லாரும் சிரிச்சுக் காட்டுறோம், எங்களத் தேடி வரக்கூடாதுன்னு." பிரேமினி மூச்சு வாங்கினார். "அந்த ஆள நீங்கதான அனுப்புனீங்க? ஒங்க ஆபீசுதான?"

"பொறுங்கோ. கேட்டுச் சொல்லுறன்."

ஜன்னல் ஓரத்தில் மட்டும் போனுக்கு ஒரு கோடு சிக்னல் இருந்தது. கம்பிகளில் நெற்றி முட்ட நின்று சிவரூபனை அழைத்தாள்.

"சேர், கவலை எண்டு அடையாளம் போட்ட பிள்ளையளோட கதைக்கப் போறது ஆர் சேர்? எங்கட ஆலோசகர் ஆர்?"

மறுமுனையில் சிரிப்பு. "என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? அப்பிடி ஒருத்தரும் இல்லை. அந்த வசனம் இல்லாட்டி அனுமதிக் குழு கையெழுத்து வைக்காது. அதுக்காகப் போட்டது."

"அப்ப போன வருஷம் இங்க ஆர் வந்தது?"

"ஒருத்தரையும் அனுப்பேல்லை கௌசி. சரி, இந்தமுறை பதில் ஒழுங்கா வந்ததோ?"

சிக்னல் போனது. கம்பிக்கு அப்பால் வெள்ளை. தேயிலை இல்லை, லயம் இல்லை, மலை இல்லை. வெள்ளைக்குள்ளிருந்து கொழுந்து வாட்டும் மணம் மட்டும், முன்பைவிட அடர்த்தியாக, ஈரச் சூட்டோடு, யாரோ மிக அருகில் மூச்சு விடுவதைப் போல வந்துகொண்டிருந்தது.

அவள் திரும்பினாள். கையில் பூரணியின் தாள். தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்தாள். அதை பிரேமினிக்குக் காட்டினாள்.

"என்ன செய்யலாம் டீச்சர்? நீங்கள்தான் சொல்லோணும்."

பிரேமினி தாளைப் பார்த்தார். பிறகு முன் வாங்கைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"அம்மா குவைத்துல. அத்த வீட்ல இருக்குறா. அந்த வீட்ல சின்னப் புள்ளைங்க ரெண்டு..." என்று தனக்குள் சொன்னார். பிறகு, "இங்கயே இருங்க மிஸ். சுடுதண்ணி கொண்டாறேன். வந்து பேசிக்குவோம்" என்றார்.

வெளியே போனார். இரும்புக் கதவு இழுபட்டது. ஒரு சொடுக்கு.

கௌசிக்கு அந்தச் சொடுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. ஓடிப்போய் கதவைக் குலுக்கினாள். வெளிப்பக்கம் பூட்டு.

"டீச்சர்! என்ன இது? திறவுங்கோ!"

ஜன்னலுக்கு அப்பால் பனிக்குள் பிரேமினியின் சேலை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கங்க மிஸ். லயத்துல அத்தன புள்ளைங்க இருக்கு. வர்றவரு இங்கயே பேசிட்டுப் போகட்டும். வீடுங்களுக்கு வர வேணாம்."

"நானும் உள்ள இருக்கிறன் டீச்சர்!"

"நீங்கதான மிஸ் வருவாங்கன்னு சொன்னீங்க."

சேலை மறைந்தது. செருப்புச் சத்தம் கீழே இறங்கித் தேய்ந்தது.

*

ஜன்னல்களில் எல்லாம் விரல் தடிமனில் கம்பி. சிறுத்தைக்குப் பயந்து போட்டது என்று காலையில் பெருமையாகக் காட்டியிருந்தார்கள். பின்கதவு இல்லை. கூரைத் தகரத்துக்குக் கீழே பலகை. கௌசி ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், ஒன்றும் அசையாது என்று தெரிந்தும் கடைசிக் கம்பி வரை போனாள். உள்ளங்கையில் துரு. கூரையில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு, இடைவெளி, சொட்டு. பசை காயாத கரும்பலகைத் தாளின் ஒரு மூலை ஈரத்தில் பிரிந்து மெதுவாக மடங்கியது.

"மிஸ், டீச்சர் ஏன் பூட்டிட்டாங்க?"

"காத்துக்கு... கதவு அடிக்கும் எண்டு."

"காத்தே இல்லையே மிஸ்."

இல்லைதான். ஓர் இலையும் அசையவில்லை. அந்த அமைதியில், மிகத் தொலைவில், கீழே ஆலைப் பக்கமிருந்து வரும் கல் படிகளில் ஒரு சத்தம். ஈரச் செருப்பு கல்லில் ஒட்டிப் பிரியும் சத்தம். அவசரமில்லாத நடை.

கௌசி மேசைக்கு ஓடினாள். பூரணியின் தாள். அழிறப்பர் எங்கே? எல்லோரும் எடுத்துப் போய்விட்டார்கள். "பூரணி, உங்கட அழிறப்பரைத் தாங்கோ. கெதியா!"

"எதுக்கு மிஸ்?"

"நீங்கள் போட்டதை அழிக்கோணும் பிள்ளை."

பூரணி பையை இறுக்கிப் பிடித்தாள். "உண்மையப் போடச் சொன்னீங்க."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கௌசியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஓம். நான்தான் சொன்னனான். பிழையாச் சொல்லிப்போட்டன். தாங்கோ."

அழித்தாள். பென்சில் அழுத்தம் தாளுக்குள் பள்ளமாக விழுந்திருந்தது. கட்டத்துக்குள் இருந்ததை முதலில். எச்சில் தொட்டு, திரும்பத் திரும்ப, தாள் மெலிந்து நார் தெரியும் வரை. பிறகு ஐந்தாவது முகம், ஐந்தாவது முகம், நான்காவது முகம். எல்லாவற்றுக்கும் முதலாவது முகத்தில் தானே அடையாளமிட்டாள். இதைத்தான் செய்ததாக சிவரூபன் அவளைக் குற்றம் சொல்லியிருந்தார். இப்போது உண்மையிலேயே செய்தாள். வேலை போகட்டும். எல்லாம் போகட்டும். இந்தப் பிள்ளையை மட்டும் வருகிறவன் தொடக் கூடாது.

படிகள் முடிந்தன. சத்தம் இப்போது முற்றத்து மண்ணில்.

குடை மடக்கும் சத்தம். ஒருமுறை உதறும் சத்தம். நீர்த்துளிகள் இரும்புக் கதவில் தெறித்தன.

"பூரணி, சிரியுங்கோ" என்று கிசுகிசுத்தாள். "சங்குக்குச் சிரிச்சமே, அதே மாதிரி. என்ன கேட்டாலும் சந்தோசம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

பூரணி தலையாட்டினாள். உதடுகள் நடுங்கி விரிந்தன.

பூட்டை யாரும் தொடவில்லை. கதவை யாரும் தட்டவில்லை. நடை சுவரோரமாகத் திரும்பியது. முதல் ஜன்னல். நின்றது. இரண்டாம் ஜன்னல். நின்றது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையில் ஓரிடம் மட்டும் கொஞ்சம் சாம்பலாக, ஆள் உயரத்தில், நகர்ந்தது. மூன்றாம் ஜன்னலின் கண்ணாடி உடைந்து மாதங்களாகியிருந்தன. அங்கே கம்பி மட்டும். நடை அங்கே வந்து நின்றது.

மணம் உள்ளே வந்தது. தொண்டையில் பிடித்தது.

"வணக்கம் பிள்ளைகளே" என்றது ஒரு குரல்.

அன்பான குரல். உண்மையிலேயே அன்பான குரல். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் அவள் முதலில் வாசிக்கும் வரிகளை, அவள் நிறுத்தும் இடத்திலேயே நிறுத்தி, அது சொல்லிக்கொண்டு போனது.

"நீங்கள் விரும்பினால் மட்டும் பதில் சொல்லலாம். இதில் சரி, பிழை இல்லை. எந்த நேரத்திலும் நிறுத்திக்கொள்ளலாம்."

கௌசி கரும்பலகைக்கு முதுகு கொடுத்து நின்றாள். சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்தினாள். இருட்டு. ரத்தம் ஓடும் சத்தம். கண்ணை மூடினாள். அந்தக் குரலை மட்டும் கேட்கக் கூடாது. அது அப்பாவைப் பற்றிக் கேட்டால்? தூக்கத்தைப் பற்றிக் கேட்டால்? எத்தனை நாள் ஆயிற்று ஒரு குரல் அவளிடம் இப்படிக் கேட்டு?

வேண்டாம்.

பொத்திய கைகளுக்கு வெளியே முணுமுணுப்பு. பூரணியின் சின்னக் குரல். "சந்தோசம்." முணுமுணுப்பு. "சந்தோசம்." நல்ல பிள்ளை. சொல்லு. அப்படியே சொல்லு. "சந்தோசம்."

பிறகு எதுவுமில்லை.

நேரம் போனது. எவ்வளவு என்று தெரியவில்லை. கௌசி கைகளை எடுத்தாள். கூரைச் சொட்டு. மணம் குறைந்திருந்தது போலிருந்தது. தொலைவில், மிகத் தொலைவில், இயந்திரம் ஒன்றின் உறுமல். பெக்கோ. மண்ணை அள்ளுகிறார்கள். ரோடு திறந்துவிடும். அழகுமுத்து மேலே வருவான். பூட்டை உடைப்பான்.

முடிந்தது.

பூரணி உடைந்த ஜன்னலடியில் வாங்கின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. மூக்கு ஒழுக, கண் வீங்க, சாதாரணமாக அழுதுகொண்டிருந்தாள். இவ்வளவு அழகான அழுகையை கௌசி பார்த்ததே இல்லை. ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சின்ன உடம்பு சூடாக இருந்தது.

"போயிட்டார், என்ன? சரி, சரி. முடிஞ்சுது. நீங்கள் கெட்டிக்காரி. எல்லாத்துக்கும் சந்தோசம் எண்டே சொன்னீங்கள்."

பூரணி அவள் தோளில் தலையை ஆட்டினாள்.

"இனி ஒருத்தரும் வரமாட்டினம்" என்று சொல்ல கௌசி வாயெடுத்தாள். வார்த்தை சரியாக வரவில்லை. உதடு விறைத்திருந்தது. குளிர் என்று நினைத்தாள். கன்னத்தைத் தேய்த்தாள். விரல்களுக்கடியில் தசை நகர்ந்தது. மெதுவாக. தானாக. மேலே.

கீழே இழுத்தாள். மறுபடி ஏறியது.

இரு கைகளாலும் பிடித்தாள். பிள்ளை நழுவித் தரையில் நின்றது. பற்களில் காற்று பட்டது. கடைவாய் வரை குளிர்ந்தது. கண்களிலிருந்து நீர் வழிந்து, விரிந்துகொண்டே போகும் அந்த வாயின் ஓரங்களில் இறங்கியது. மணம் குறையவில்லை. அது வெளியே இல்லை. அவளுக்குப் பின்னால், கரும்பலகைக்கும் அவளுக்கும் நடுவே, ஒரு குடையிலிருந்து சிமெந்துத் தரையில் நீர் சொட்டியது.

பூரணி அவளை அண்ணாந்து பார்த்தாள். பாவம் செய்துவிட்ட பிள்ளையின் முகம்.

"அவரக் கூப்பிட்டது நான் இல்லையாம் மிஸ், எனக்கு முன்னாடியே ஒருத்தவங்க கூப்பிட்டாங்களாம், யாருன்னு கேட்டாரு, நான் போர்டுல இருக்குற ஒங்க தாளக் காட்டிட்டேன்."